படிக்கட்டுக்குக் கீழே இருந்த கதவு

செக் நாட்டிலுள்ள அந்தக் கோட்டைக்கு பிரவீணா ஒருநாளும் போனதில்லை. ஆனாலும் அதன் ஒவ்வொரு தூணும் அவளுக்கு அத்துப்படி. மெல்பர்னின் புறநகரான மல்கிரேவில், இலங்கைத் தமிழரான வரதராஜா நடத்திய சின்ன நிறுவனம் மியூசியங்களுக்கு வர்ச்சுவல் டூர் செய்து கொடுத்தது. கட்டடத்தை லேசரால் அளந்து ஸ்கேனை அங்கிருந்து அனுப்பிவிடுவார்கள். அதை வைத்து இவள் அறைகளை உருவாக்குவாள். ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டால், மெல்பர்னில் நின்றபடியே கோட்டைக்குள் நடக்கலாம்.

கோட்டையின் வரலாற்றையும் அவளே சுருக்கி எழுதினாள். மறுமலர்ச்சிக் காலத்தில் ஒரு பிரபு இத்தாலியிலிருந்து கொத்தனார்களை வரவழைத்துக் கட்டியது. முற்றத்தைச் சுற்றி மூன்று அடுக்கு வளைவுத் தாழ்வாரம். பேரன்கள் சூதாடித் தோற்றார்கள். ஒருமுறை தீப்பிடித்தது. கொஞ்ச காலம் ராணுவம் குதிரை கட்டியது. இப்போது மியூசியம், கலை மையம். கோடையில் தோட்டத்தில் கச்சேரிகளும் கல்யாணங்களும். உலகப்போர் வருடங்களுக்கு மியூசியம் கொடுத்தது ஒரே வரிதான்: தானியக் கிடங்காகப் பயன்பட்டது.

மெல்பர்ன் செக் மக்களின் சங்கம் இந்த டூரைக் கண்காட்சியாக வைக்க ஏற்பாடு செய்திருந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் கரேல் ஆபீஸுக்கு வந்தார். தொண்ணூறை நெருங்கிய மனிதர். மகள் ஹானா கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

"சின்ன வயசுல நான் அங்கே இருந்தேன்," என்றார். "விருந்தாளியா இல்ல."

அவருடைய அப்பா ஜெர்மன்காரர்களை எதிர்த்துக் காட்டுக்குள் போய்விட்டாராம். அதற்காக வீட்டிலிருந்தவர்களைப் பிடித்து வந்து, வேறு பல குடும்பங்களோடு கோட்டையின் நிலவறையில் அடைத்து வைத்திருந்தார்கள்.

பிரவீணா ஹெட்செட்டை மாட்டிவிட்டாள். கரேல் மெதுவாகப் படியிறங்கினார். நிலவறை இப்போது ஒயின் பார். படிக்கட்டுக்குக் கீழே வந்ததும் நின்று காற்றைத் தடவினார்.

"இங்கே ஒரு கதவு இருந்தது. சின்னக் கதவு. எங்கே அது?"

"அங்கே சுவர்தானே இருக்கு, கரேல்."

"இல்லம்மா. கதவு. தோட்டத்துக்குப் போற கதவு." அவர் குரல் இறங்கியது. "என் தங்கச்சி மிலேனாவுக்குக் காய்ச்சல். விடியும்போது அசைவில்ல. காவல்காரன் அவளைச் சாக்குல சுத்தி இந்தக் கதவு வழியாத்தான் தூக்கிட்டுப் போனான். அம்மா போக முடியல. கதவைத் தட்டிட்டே இருந்தா."

ஹானா அவர் தோளைத் தொட்டாள். "அப்பா, எனக்கு ஓர் அத்தை இருந்தாங்களா?"

அவர் ஹெட்செட்டைக் கழற்றிப் பிரவீணாவிடம் நீட்டினார்.

அவர்களை உட்காரவைத்துவிட்டு பிரவீணா மூல ஸ்கேனைத் திறந்தாள். பக்கவாட்டு வெளிச்சம் கொடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. பூச்சுக்கு அடியில், குனிந்து போகுமளவுக்கு ஒரு வளைவு. சுவர் அங்கே மட்டும் லேசாக உள்வாங்கியிருந்தது.

"நீங்க சொன்னது சரி. இருக்கு," என்றாள். கரேல் அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரமே அவள் கதவை வைத்தாள். பக்கத்தில் மிலேனாவின் பெயரையும் எழுதினாள். பார்வைக்கு அனுப்பியதும் மியூசியத்திலிருந்து உடனே பதில் வந்தது. கைதிகள் இருந்ததற்கு ஆதாரம் இல்லை, நீக்கவும்.

வரதராஜா அவளைக் கூப்பிட்டார். "அந்தக் கதவை எடுத்துவிடுங்கோ, பிரவீணா."

"ஸ்கேன்லயே தெரியுது, அண்ணா. அவர் பொய் சொல்லல."

"ஓம், பொய் சொல்லேல்லை. எனக்குத் தெரியாதே? ஊரில நான் படிச்ச பள்ளிக்கூடத்தையும் ஆமிக் காம்ப் ஆக்கினவங்கள். இப்ப போனால் புதுப் பெயின்ட் அடிச்சிருக்கு." அவர் கான்ட்ராக்ட் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "இந்த கான்ட்ராக்ட் போனால் ஒஃபிஸை மூடவேணும். பிறகு உங்கட விசாவுக்கு ஸ்பான்சர்ஷிப்பும் இல்லை. நான் வெருட்டேல்லை. உள்ளதைச் சொல்றன்."

அவர் மிரட்டவில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. மிரட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

வீட்டில் விவேக் எல்லாவற்றையும் கேட்டான். "முதல்ல இங்கேயே தங்குறதுக்கு பிஆர் வரட்டும். அப்புறம் யார்கிட்ட வேணும்னாலும் பேசு," என்றான். கணவன் சொன்னதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் காலையில் கதவை நீக்கினாள். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

திறப்பு விழாவுக்கு கரேல் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஹெட்செட்டோடு நேரே நிலவறைக்கு இறங்கினார். படிக்கட்டுக்குக் கீழே கையை நீட்டித் தேடினார். குனிந்து தேடினார். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து தேடினார். கிழவர் குழந்தை மாதிரி விளையாடுகிறார் என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஹெட்செட்டைக் கழற்றியபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. "இருக்குன்னு சொன்னியேம்மா?"

வரதராஜா சற்றுத் தள்ளி மியூசியத்தின் பிரதிநிதியோடு நின்றுகொண்டிருந்தார்.

"அளவுல தப்பு நடந்திருக்கு, கரேல். திரும்பப் பார்த்தோம். அது வெறும் சுவர்தான்."

அவர் நெடுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "ஆமா. அப்ப நான் ரொம்பச் சின்னப் பையன். தப்பா ஞாபகம் வெச்சிருப்பேன்."

குளிர்காலம் முடியுமுன் கரேல் இறந்துபோனார். ஹானா தகவல் அனுப்பியிருந்தாள். அடக்கம் முடிந்து எல்லோரும் கலையும்போது பிரவீணாவிடம் வந்தாள்.

"நீங்க மட்டும்தான் அப்பாவை நம்பினீங்க. கடைசியில அவரே நம்பல. மிலேனான்னு ஒருத்தி இருந்தாளான்னு என்கிட்டயே கேட்டார். எனக்கு என்ன தெரியும்? தெரியலப்பான்னு சொன்னேன். தங்கச்சியே இல்லன்னு நினைச்சுக்கிட்டுத்தான் போனார்."

பிரவீணா சொன்னாள். "கதவு இருந்தது, ஹானா. நான்தான் எடுத்தேன். எடுக்கச் சொன்னாங்க."

"அன்னைக்கு அவர் கேட்டப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்த ஸ்கேன் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு அனுப்புங்க," என்றாள் ஹானா. "அதுக்கப்புறம் என்கூடப் பேசாதீங்க."

பிரவீணா காரில் உட்கார்ந்து, ஆபீஸ் சர்வரிலிருந்து அதை எடுத்து அனுப்பினாள்.