சைவப் பாம்பு

எட்டு வருடத்தில் உருத்திரமூர்த்தி படித்த ஜெர்மன், களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கப் போதுமானது. அதற்கு மேலும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொண்டதுதான் வினையாய்ப் போயிற்று.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு. சுவிஸின் டீட்டிகோனில் அவருடைய முதலாளி பூர்கி இரண்டு வார விடுமுறைக்கு ஸ்பெயின் போக இருந்தார். அவருடைய செல்லப் பாம்பு ரோஸ்லி ஆறு வாரமாக ஒன்றும் தின்னவில்லை. மனிதர் உடைந்துபோய், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். களஞ்சியத்தில் எல்லோரும் நழுவ, உருத்திரமூர்த்தி மட்டும் தலையாட்டினார். அவருக்கு வேறு வழியில்லை. அகதி விண்ணப்பம் இரண்டு தடவை தள்ளுபடியாகி, கடைசி முயற்சியாக வதிவிட அனுமதி கேட்டிருந்தார். இந்த ஆள் இல்லாமல் முடியாது என்று முதலாளி கடிதம் கொடுத்தால்தான் அது நகரும். திரும்பி வந்து எழுதித் தருவதாகப் பூர்கி சொன்னார். பாம்பு உயிரோடிருந்தால் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் உருத்திரமூர்த்திக்கு அப்படித்தான் கேட்டது.

என்ன பாம்பு என்று விசாரித்தார். "கோர்ன்நாட்டர்" என்றார் பூர்கி. நாட்டர் என்றால் பாம்பு, கோர்ன் என்றால் தானியம். அந்தப் பெயர் போட்ட தானிய ரொட்டியைத்தான் உருத்திரமூர்த்தி தினமும் கடையில் வாங்குகிறார்.

"தானியம் தின்னுற பாம்பு," என்று மனைவி பரமேஸ்வரியிடம் வந்து சொன்னார். "சுத்த சைவம்."

பரமேஸ்வரி நாகதம்பிரானுக்குப் பொங்கல் வைக்கும் குடும்பத்தில் பிறந்தவள். சைவப் பாம்பு என்றதும் மறுபேச்சில்லை. சாமிப்படங்களுக்குக் கீழேயே இடம் ஒதுக்கினாள். பூர்கி கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, மரப்பட்டைத் துகள் பரப்பி, ஒளிந்துகொள்ள உடைந்த பூச்சட்டி ஒன்றைக் கவிழ்த்து, தண்ணீர்க் கிண்ணமும் வைத்தார். ஒரு மூலையில் மட்டும் சூட்டு விளக்கைப் பூட்டினார். வெள்ளிக்கிழமை சாப்பாடு என்று சொல்லி, உறைபெட்டியில் வைக்க ஒரு பொதியையும் தந்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் பரமேஸ்வரி கண்ணாடியில் குங்குமப் பொட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை முழுகிவிட்டு வந்து, தானியத்தை ஊறப் போடுவோம் என்று பொதியைப் பிரித்தவள் போட்ட கத்தலில் மேல்வீடு அதிர்ந்தது. உள்ளே ஐந்து வெள்ளை எலிகள் வாலோடு விறைத்துக் கிடந்தன.

"இதுவோ உங்கடை தானியம்?"

"பேரிலை அப்பிடித்தானப்பா கிடக்கு."

"பிள்ளையாற்றை வாகனத்தை, வெள்ளிக்கிழமையும் அதுவுமாய், அவற்றை படத்துக்குக் கீழை வைச்சு நான் தீத்துறதோ?"

உருத்திரமூர்த்தியே ஊட்டியிருக்கலாம். ஆனால் அவருக்கு எலியைக் கண்டால் அருவருப்பு, பாம்பைக் கண்டால் நடுக்கம்.

கத்தல் கேட்டு மேல்வீட்டு பெர்னடெற் இறங்கி வந்தாள். மன்னார்க்காரி, கத்தோலிக்கர். எலி யாருக்கும் வாகனமில்லை என்பது அவள் கட்சி. வாலில் பிடித்துத் தூக்கி இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு இளகவைத்தாள். பெட்டிக்குக் கிட்டப் போனதும்தான் கால் பின்வாங்கியது.

"பரமேஸ், எலியெண்டால் பரவாயில்லை. இது சாத்தானெல்லோ! மாதா காலாலை மிதிச்சதுக்கு நான் எப்பிடிச் சாப்பாடு குடுக்கிறது?"

ஒருத்தி எலியைத் தொடமாட்டாள், மற்றவள் பாம்பைப் பார்க்கமாட்டாள். வீட்டு ஆண்பிள்ளையோ கதிரையில் ஏறி நின்றார். அரைமணி நேரம் வாக்குவாதப்பட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெர்னடெற் கண்ணை இறுக மூடி, செபம் சொல்லிக்கொண்டே இடுக்கியில் எலியை நீட்டினாள். பரமேஸ்வரி பிள்ளையாரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, அவளுடைய முழங்கையைப் பிடித்துத் திசை காட்டினாள்.

"கீழை அக்கா, இன்னும் கீழை. இப்ப வலப்பக்கம்."

ரோஸ்லி ஒரே பாய்ச்சலில் கவ்விச் சுருண்டது.

"என்னவாம்?"

"சாப்பிடுது அக்கா, சாப்பிடுது!"

காரணம் பக்தியுமில்லை, செபமுமில்லை. இத்தனை வருடமாகியும் குளிர் பழகாத பரமேஸ்வரி ஹீட்டரை முழுதாகத் திருகி வைப்பவள். சிக்கனக்காரரான பூர்கி தன் வீட்டில் அதைத் தொட்டும் பார்ப்பதில்லை. சூடு குறைந்தால் பாம்புக்குப் பசிக்காது. இது ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்த பூர்கி பாம்பைச் சமையல் தராசில் நிறுத்தார், கண் கலங்கினார், கதிரையை இழுத்துப் போட்டு அங்கேயே கடிதம் எழுதினார். பாம்பை எடுத்துக்கொண்டு போகவில்லை. இரண்டு மாதத்தில் குடிவரவு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஜெர்மன் படித்த பெர்னடெற்தான் வாசித்துச் சொன்னாள்.

"உங்கடை முதலாளி எழுதினது இதிலை கிடக்கு. பாம்பு இந்த வீட்டிலை மட்டும்தான் சாப்பிடுதாம். இந்த வேலைக்குச் சுவிஸ்காரர் ஒருத்தரும் கிடைக்கேல்லையாம். அதாலை பாம்பை உங்களிட்டையே விட்டிட்டாராம். பாம்பைப் பராமரிக்கிற காலம் வரைக்கும் நீங்கள் இஞ்சை இருக்கலாமாம், அண்ணை!"

அகதி விண்ணப்பத்தோடு ஷெல் விழுந்த வீட்டின் படத்தை உருத்திரமூர்த்தி கொடுத்திருந்தார். தம்பியின் மரணச் சான்றிதழையும் கொடுத்திருந்தார். போதாது என்றிருந்தார்கள். ஒரு பாம்பு எலி தின்றது போதுமாயிருந்தது. சிரிக்கத்தான் பார்த்தார், அழுகை வந்துவிட்டது.

பரமேஸ்வரி அழவில்லை. "இது எவ்வளவு காலம் உயிரோடை இருக்கும்?" என்று கேட்டாள்.

"நல்லாய்ப் பாத்தால் இருபது வருஷமாம்," என்றார் உருத்திரமூர்த்தி.

"அப்ப இனி அதுக்குக் கிட்ட நிண்டு தும்மாதேங்கோ," என்றாள். "உங்களுக்கு ஒண்டு நடந்தாலும் சமாளிப்பன். அதுக்கு ஒண்டும் வரக்கூடாது."