ஒன்பதாம் சிடி

அந்த அறைக்குள் கால் வைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். வெளியே பச்சை பெயிண்டில் 'கிராம சேவை மையம்' என்று எழுதியிருந்தது. உள்ளே தலைவர் பொன்னுச்சாமி வீட்டுக் குண்டு வத்தல் மூட்டைகள் கூரை வரை ஏறிக் கிடந்தன. காரம் மூக்கில் ஏற, தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டபடிதான் அங்கே கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்க வேண்டும். கொடுத்திருந்த இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்றுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. மூடியைக் கழற்றியபோது ரோஸ் நிறத்தில் நெளிந்ததைப் பார்த்துவிட்டு அன்று மத்தியானச் சோற்றை நான் தொடவில்லை.

என் பெயர் தங்கசாமி. மதுரைக் கம்பெனி ஒன்றின் ஒப்பந்த ஆள். 2007 கடைசியில் முதுகுளத்தூர்ப் பக்கம் நாலு ஊரை என் தலையில் கட்டினார்கள். பெண்களுக்கு மூன்று மாதம் பயிற்சி, முடிவில் ஒரு தேர்வு. தேர்வில் முதலாவதாக வருகிறவர் மையத்துக் கவுண்டரில் உட்காரலாம். ஊர்க்காரர்கள் கேட்கிற மனுவையும் விண்ணப்பத்தையும் தமிழில் அடித்து, அச்செடுத்துக் கொடுக்கிற வேலை. நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை அந்த ஊரில் வேறு எதுவும் கிடையாது.

பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள், நாலு பேர்தான் நிலைத்தார்கள். அதில் ஒருத்தி பூமயில். முப்பது வயதிருக்கும். புருசன் இல்லை, ஏழாவது படிக்கிற மகள் மட்டும். பூமயில் பத்தாவது வரை படித்தவள். தலைவர் புஞ்சையில் களை வெட்டிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு நேரே வகுப்புக்கு வருவாள். நகக்கண்ணில் கரிசல் ஒட்டியிருக்கும். போகும்போது கீபோர்டை முந்தானையால் ஒவ்வொரு கட்டையாகத் துடைத்துவிட்டுப் போவாள்.

கறுப்புத் திரையில் நான் என்ன அடிக்கிறேன் என்று கேட்ட ஒரே ஆளும் அவள்தான். எரிச்சலோடுதான் சொல்லிக் கொடுத்தேன். இதற்குப் பெயர் ஆப்ட்-கெட். இன்ஸ்டால் என்று அடித்து, பக்கத்தில் சாமானின், அதாவது மென்பொருளின், பெயரைச் சொன்னால் கொண்டுவந்து போடும். ரிமூவ் என்றால் எடுத்துவிடும். அதற்குத் துணையாக என்னென்ன வேண்டுமோ, அதையும் தானே தேடிப் பட்டியல் போடும். போட்டுவிட்டு, தொடரட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கும். சரி என்றால் 'ஒய்' கட்டை, வேண்டாம் என்றால் 'என்' கட்டை. ஒரு தடவை அடித்த கட்டளையை மறுபடி முழுசாக அடிக்க வேண்டாம், மேலம்புக் கட்டையைத் தட்டினால் பழையது தானாக வந்து நிற்கும். ஊருக்கு நெட் வரவில்லை என்பதால் சரக்கு முழுவதும் பதினாலு சிடிகளில் இருந்தது. எத்தனையாவது சிடி வேண்டும் என்பதையும் அதுவே கேட்கும்.

பொங்கல் கழிந்த வாரம், கரண்ட் ஏறி இறங்கியதில் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. தேர்வுக்கு முதல் நாள் காலையில் புதுசு ஒன்றைக் கொண்டுபோய் மாட்டினேன். முதல் சிடி என் பையிலேயே இருந்ததால் கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. தமிழ் மட்டும் வரவில்லை. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. தமிழ் எழுத்தையும் விசைப்பலகையையும் இன்ஸ்டால் செய்யச் சொன்னேன். ஒன்பதாம் சிடியைப் போட்டுவிட்டு என்டர் தட்டு என்றது. சிடிகள் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தேன். நாலைந்து வத்தல் காம்பும் மல்லாந்து செத்த கரப்பான் ஒன்றும் கிடந்தன.

தலைவர் வீட்டுக்குப் போனேன். ஈஸி சேரில் சாய்ந்து காது குடைந்துகொண்டிருந்தவர், குடைந்த குச்சியை வேட்டியில் துடைத்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்.

"அந்தத் தட்டா? நம்ம டெக்குல ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தேன், ஒண்ணுலயும் படம் ஓடல. சும்மாதான கெடக்குன்னு சோளத்துக்கு மேல கட்டச் சொல்லிட்டேன். குருவி அண்டணுமே, ம்ஹூம்."

ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பில் அறைய வேண்டும் போல இருந்தது. நான் செய்ததோ, சரிங்கய்யா என்று தலையாட்டியதுதான்.

பூமயில்தான் புஞ்சைக்குக் கூட்டிப் போனாள். முற்றிய சோளக் கதிருக்கு மேலே நைலான் கயிறு ஓட, அதில் என் சிடிகள் காற்றில் சுழன்று வெயிலை அடித்துக்கொண்டிருந்தன. கயிற்றில் கோத்துக் கட்டியதே அவள்தான் என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படித்தவள்தானே, என்னவென்று தெரியாதா என்று கத்தினேன்.

"பெட்டிக்குள்ள இருக்குறத நீங்க ஒருநா தொறந்து காட்டலையே சார்," என்றாள். அது உண்மைதான்.

கயிறு நெடுக நடந்து தேடினோம். பாதிக்கு மேல் சிடிகளில் மேலே எழுதியிருந்த எண்ணே வெளுத்துப் போயிருந்தது. அவள்தான் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து ஒன்பதைக் கண்டுபிடித்தாள். அதன் மேல் காக்கை எச்சம் காய்ந்து கெட்டியாக இருந்தது. எனக்குத் தொடக் கூசியது. அவள் கூசவில்லை. மோட்டார்த் தொட்டியில் முக்கி, சோப்புத் தூள் போட்டு விரலால் தேய்த்துக் கழுவி, மாராப்புச் சேலையில் ஒற்றி எடுத்துக் கையில் கொடுத்தாள். மையத்துக்குத் திரும்பி வந்து செருகினேன். டிரைவ் இரண்டு தடவை கரகரவென்று இழுத்துவிட்டு வெளியே தள்ளியது. மூன்றாம் தடவை படித்தது. தொடரட்டுமா என்று கேட்டது. ஒய் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் கட்டங்கள் போய் எழுத்து வந்தது.

"வந்துருச்சு," என்றாள் பூமயில். மூன்று மாதத்தில் அவள் பல்லைக் காட்டிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்த நாற்காலி கிடைத்துவிட்டால் மகளைக் களைவெட்டுக்குக் கூப்பிடாமல் படிக்க வைத்துவிடலாம் என்று அவளாகவே சொன்னாள்.

மறுநாள் பதினொரு மணிக்குத் தேர்வு நடத்த அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். தலைவர் வீட்டிலிருந்து கறிக்குழம்பு வாசம் மையம் வரை வந்தது. பூமயில் ஒரு பக்க மனுவை ஒரு பிழை இல்லாமல் அடித்து முடித்தாள். மற்ற மூவரும் தட்டுத் தடுமாறினார்கள். கடைசியாகத் தலைவரின் மருமகள் பட்டுச்சேலையில் வந்து உட்கார்ந்தாள். மூன்று மாதத்தில் இரண்டே நாள் எட்டிப் பார்த்த பெண் அவள். ஒற்றை விரலால் தன் பெயரை அடித்துவிட்டு எழுந்து போனாள். அதிகாரி திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

முடிவுத் தாள் ஜீப்பிலேயே தயாராக வந்திருந்தது. முதலிடத்தில் மருமகள் பெயர். பயிற்சியாளர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். போட்டேன். பேனா எழுதவில்லை என்று ஒரு தடவை உதறிவிட்டுக்கூடப் போட்டேன். அதன் பிறகு எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்து, கறியும் தின்றேன். எலிக்குட்டியைப் பார்த்துச் சோற்றை ஒதுக்கியவனுக்கு அந்தச் சோறு இறங்கியது.

கை கழுவும்போது தலைவர் நினைவுபடுத்தினார். அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம், கயிற்றில் இடம் விட்ட பக்கமாகக் குருவி இறங்குகிறதாம். சிடியை எடுத்து வெளியே நின்ற பூமயிலிடம் கொடுத்தேன். கட்டிவிடச் சொன்னேன். வாங்கிக்கொண்டு புஞ்சைப் பக்கம் நடந்தாள்.

சாவியை ஒப்படைக்கும் முன் தனியாக உள்ளே போய்க் கறுப்புத் திரையைத் திறந்தேன். இந்த ஊர், இந்த ஆள், இந்த வத்தல் மூட்டை, கறிக்குழம்பு மணக்கிற என் கை, எல்லாமே அருவருப்பாக இருந்தது. ஆப்ட்-கெட் ரிமூவ் என்று அடித்து, தமிழ் சம்பந்தப்பட்டதை எல்லாம் வரிசையாகச் சேர்த்தேன். இவ்வளவும் போய்விடும், தொடரட்டுமா என்று கேட்டது. ஒய்யை ஓங்கிக் குத்தினேன். திரை முழுக்கக் கட்டங்கள். நாளைக்கு அந்தப் பட்டுச்சேலை வந்து உட்கார்ந்து கட்டத்தைப் பார்த்து முழிக்கட்டும், தமிழ் சோளக்கொல்லையில் தொங்கட்டும் என்று நினைத்தபோது நெஞ்சு குளிர்ந்தது. பூமயிலுக்கு நியாயம் செய்துவிட்டதாகவே பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

அந்த மையத்திலிருந்து மூன்று தடவை புகார் வந்தது. மூன்று தடவையும் சிடி காணவில்லை, சரிசெய்ய வழியில்லை என்று எழுதி அனுப்பினேன். ஊர்க்காரர்கள் ஒரு மனு அடிக்க முதுகுளத்தூருக்கு பஸ் ஏறுவதாகக் கேள்விப்பட்டேன். படட்டும், இவனைத் தலைவன் ஆக்கியவர்கள்தானே என்று விட்டுவிட்டேன். ஏப்ரலில் உத்தரவு வந்தது. அந்த மையம் பயன்பாட்டில் இல்லை, கம்ப்யூட்டரை எடுத்துப் போய் உத்தரகோசமங்கைப் பக்கம் புதிதாகத் திறக்கிற மையத்தில் வைக்க வேண்டும். வேனோடு என்னையே அனுப்பினார்கள்.

உள்ளே போனால் மூட்டைகள் இல்லை. தரை கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. எலிப்புழுக்கை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கவுண்டர் நாற்காலியில் பூமயில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"தலைவரு மருமக மதுரைக்கே போயிட்டா சார். கட்டத்தையே எம்புட்டு நாளு பாக்குறதுன்னுட்டா. வேற ஆளு இல்லைன்னு நேத்து என்னைய உக்காரச் சொல்லிட்டாரு. நீங்க வாரீகன்னு சொன்னாக, அதான் நீங்க வரட்டும்னு எதையும் தொடாம இருக்கேன்."

பேசிக்கொண்டே ஒரு மஞ்சள் பையிலிருந்து துணி சுற்றிய எதையோ எடுத்தாள். ஒன்பதாம் சிடி. கீறல் இல்லாமல் பளிச்சென்று இருந்தது. கயிற்றில் கட்டவில்லையா என்று கேட்டேன்.

"கட்டுனது சந்தையில வாங்குன சினிமாத் தட்டு. குருவிக்கு என்ன தெரியப் போகுது? இத அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தேன். என்னைக்காச்சும் என்னையக் கூப்புடுவாகன்னு ஒரு நப்பாசைதான்."

வேன் உத்தரவு என் சட்டைப் பையில் இருந்தது. சொல்லியிருக்க வேண்டும். நானே போடட்டுமா சார் என்று கேட்டாள். தலையாட்டினேன். சிடியைச் செருகினாள், கறுப்புத் திரையைத் திறந்தாள். பாஸ்வேர்டு வேண்டுமே என்றேன். நீங்கள் அடிக்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதானே அடிப்பீர்கள் என்று சிரித்தாள். பழைய கட்டளை அப்படியே இருக்கும், தேட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நான் கற்றுக் கொடுத்தபடி மேலம்புக் கட்டையைத் தட்டினாள்.

நான் கடைசியாக அடித்த வரி அப்படியே வந்து நின்றது. ஆப்ட்-கெட் ரிமூவ். பின்னாலேயே தமிழின் பெயர்கள் வரிசையாக.

எழுத்துக் கூட்டி வாசித்தாள். சிரிப்பு மெதுவாகப் போயிற்று. ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள், திரும்பத் திரையைப் பார்த்தாள். பிறகு ரிமூவ் என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, அந்த இடத்தில் இன்ஸ்டால் என்று அடித்தாள். டிரைவ் சுற்றியது. தொடரட்டுமா என்று கேட்டு நின்றது.

உனக்காகத்தான் செய்தேன் பூமயிலு என்றேன். அதைச் சொல்லும்போதே என் குரல் எனக்குக் கேவலமாக இருந்தது.

"எனக்காகன்னா எங்கிட்டல்ல சார் கேட்டுருக்கணும்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இந்தப் பொட்டிக்குக்கூட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யத் தெரியுது."

ஒய் தட்டினாள். கட்டங்கள் ஒவ்வொன்றாக எழுத்தாயின. வாசலில் ஒரு கிழவர் கையில் முதியோர் பென்சன் மனுவோடு, தமிழ் வந்துவிட்டதா தாயி என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். சட்டைப் பையிலிருந்த உத்தரவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நான் எழுதிய மூன்று பதில்களின் தேதியையும் காட்டித்தான் மையம் பயனில்லை என்று அதில் அடித்திருந்தார்கள். பூமயில் முழுவதையும் வாசித்தாள். வாசித்துவிட்டு வந்தவர்களை உட்காரச் சொன்னாள். முதல் மனுவை அடித்து முடிக்கிற வரைக்கும் வேனை நிறுத்தி வைக்க முடியுமா என்று என்னிடம் கேட்டாள். முடியும் என்றேன். மூன்று மனுவையும் அடித்துக் கொடுத்தாள். பிறகு கீபோர்டை முந்தானையால் ஒவ்வொரு கட்டையாகத் துடைத்துவிட்டு எழுந்து நின்றாள். நான் குனிந்து வயர்களைப் பிடுங்கிச் சுற்றினேன்.