படிவத்தில் இரண்டு வீரம்மா

என்னைக் கேட்டால், கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவனுக்கு ரப்பர் தோட்டத்துப் பக்கம் சொந்தக்காரர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இருந்திருந்தால் அதற்குள் இன்னும் நாலு கட்டம் கூடுதலாக வைத்திருப்பான்.

1983இல் ஈப்போவில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. மூன்றாவது மாடியில், எந்நேரமும் ஏர்கண்டிஷன் ஓடும் அறையில் பதினாறு பெண்கள் உட்கார்ந்திருப்போம். குளிரில் எங்களுக்கு விரல் மரத்துப் போனாலும் பரவாயில்லை, மெஷினுக்குச் சூடேறக் கூடாது. அரசாங்க ஆபீஸ்களிலிருந்து கட்டுக்கட்டாகப் படிவங்கள் வரும். அதில் எழுதியிருப்பதைப் பார்த்து நான் மெஷினில் அடிப்பேன். பக்கத்து மேசையில் கெர்ட்ரூட் அதே படிவத்தை இன்னொரு முறை அடிப்பாள். இருவர் அடித்ததும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் கத்திவிட்டு அப்படியே நின்றுவிடும். அவள் தாளைப் பார்த்து எது சரியோ அதைப் போட்டால்தான் மறுபடி நகரும். எல்லாம் முடிந்ததும் டேப்பில் ஏற்றிக் கோலாலம்பூருக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாது.

தெரியாது என்று சும்மா இருந்திருப்பேன். கெர்ட்ரூடின் அண்ணி தெலுக் இந்தானில் இருக்கிறார். அந்த ஊர்ப் படிவங்களை நாங்கள் அடித்து முடித்து ஒரு மாதம் கூட ஆகவில்லை, புத்தகம் விற்கிற ஆள் ஒருவன் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றானாம். "உங்க மூத்த மகன் நாலாம் வகுப்பு, ரெண்டாவது பொண்ணு அடுத்த வருசம் பள்ளிக்கூடம், சரிதானே?" என்று ஆரம்பித்தானாம். பக்கத்து வீட்டில் பிள்ளைகள் இல்லை. அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம்.

நான் நேரே எங்கள் சீன மேனேஜர் லாவ் என்பவரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "கம்ப்யூட்டருக்கு வாய் ஏதுலா, நவமணி? அது யார்கிட்ட போய்ப் பேசும்?" என்றார். கம்ப்யூட்டருக்கு வாய் இல்லைதான். டேப்பைக் கையில் வைத்திருக்கிறவனுக்கு இருக்கிறதே! அதைச் சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த மெஷினைப் பார்த்தாலே எனக்கு ஒரு சந்தேகம், ஒரு எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் ஆயர் தாவார் படிவங்கள் வந்தன. எங்கள் தோட்டம் அங்கேதான். ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறார்கள், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிறவர்கள் எல்லாம் காலி செய்ய வேண்டும். பதிலுக்கு டவுன் ஓரத்தில் மலிவு விலை வீடு. அதற்கான விண்ணப்பங்கள்தான் அவை. நீல அடையாளக் கார்டு உள்ளவர்கள், அதாவது குடியுரிமை பெற்றவர்கள், பெயரில்தான் வீடு கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா இல்லை. அம்மா ராக்காயிக்குச் சிவப்புக் கார்டு. நான் லயத்திலேயே பிறந்து, பதிவு செய்ய ஆளில்லாமல் போனவள், எனக்கும் சிவப்பு. நீலம் என் அக்கா வீரம்மாவுக்கு மட்டும்தான். சித்தியவானில் தையல் தொழிற்சாலைக்குப் போய் வருகிற அவள் பெயரில்தான் எங்கள் விண்ணப்பம். அவளை விட்டால் எங்களுக்கு வீடு இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் படிவமே என் மேசைக்கு வந்தது. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 'தாய் பெற்ற பிள்ளைகள், இறந்தவர் உட்பட' என்கிற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

முதல் வரி: வீரம்மா, 1955, குறியீடு 2. இரண்டாம் வரி: வீரம்மா, 1957, குறியீடு 1. மூன்றாம் வரியில் நான். ஒன்று என்றால் உயிரோடு இருப்பவர், இரண்டு என்றால் இறந்தவர்.

இதை விளக்கிச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு முதலில் பிறந்த பெண் எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. ஆற்றோரத்தில் புதைத்தார்கள். இறப்பைப் பதிய யாரும் போகவில்லை. போனால் அன்றைக்குப் பேர் போடமாட்டார்கள், ஒரு நாள் கூலி போய்விடும். அடுத்துப் பிறந்ததும் பெண்தான். செத்த பிள்ளையே திரும்பி வந்துவிட்டது என்று அதே பெயரை வைத்தார்கள். பெட்டியில் மூத்ததன் பிறப்புப் பத்திரம் பத்திரமாக இருந்தது, அதையே இதற்கும் வைத்துக்கொண்டார்கள். எங்கள் லயத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை, இப்படி இன்னும் மூன்று பேர் எனக்குத் தெரியும். அக்கா ஐந்து வயதில் ஏழு வயதுக்காரியாகப் பள்ளிக்கூடம் போய்ப் பின்வரிசையில் தூங்கி வழிந்தாள். அவளுடைய நீலக் கார்டில் இன்றைக்கும் 1955தான்.

ஆக, படிவம் உண்மையைச் சொல்கிறது, கார்டு பொய் சொல்கிறது. இதை அப்படியே அடித்தால் டேப்பைப் பார்க்கிற எவனாவது ஒருவன், "கார்டில் இருக்கிறவள் செத்துப்போனவளாச்சே" என்று பிடித்துக்கொள்வான். வீடு போகும், கார்டும் போகலாம். கார்டில் இருக்கிறபடி ஒரே ஒரு வீரம்மாதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். 1957 வரியை அடிக்காமல் தாண்டினேன். 1955 வரியில் 2 இருந்த இடத்தில் 1 அடித்தேன்.

பிறகு கெர்ட்ரூடின் பக்கம் சாய்ந்து, "அடியே, இந்தப் படிவத்துல பிள்ளைங்க ரெண்டாம் வரியை நீயும் விட்டுரு. வீட்டு விசயம்" என்றேன்.

"என் வேலைக்கு உலை வச்சிராதடி" என்றாள். முறைத்தாள். அப்புறம், "சரி, எந்த வரி சொன்ன?" என்று கேட்டுக்கொண்டாள். லாவ் எங்களைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். நான் என் மெஷினுக்குத் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். "ஏம்மா அதெல்லாம் போய்ச் சொன்ன?" என்று எரிந்து விழுந்தேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "பொய் சொன்னா கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிரும், வீடு கெடைக்காதுன்னு படிவம் எழுத வந்த வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னாரு. செத்த புள்ளைக்கும் எடம் இருக்கு, சொல்லுங்கன்னாரு. இருபத்தெட்டு வருசத்துல அந்தப் புள்ளையப் பத்தி என்னை யாரு கேட்டா? அவரு கேட்டாரு. சொன்னேன்."

நான் சரிசெய்துவிட்டேன் என்று மட்டும் அக்காவிடம் தனியாகச் சொன்னேன். அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். உள்ளூர எனக்குப் பெருமைதான்.

மூன்று மாதம் கழித்துத் தோட்டத்து ஆபீஸ் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். எங்கள் லயத்தில் எல்லோர் பெயரும் இருந்தது. எங்கள் வீட்டைக் காணோம். நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். அக்காவும் நானும் சித்தியவானில் வீட்டு விண்ணப்பங்களைப் பார்க்கிற ஆபீஸுக்குப் போனோம். கவுண்டரில் அர்ச்சுனன் என்று எழுத்து வேலை பார்க்கிற ஒரு கிராணி, நல்ல மனிதர். பச்சைக் கோடு போட்ட அகலமான தாள்களை மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"விண்ணப்பம் போட்டவங்க இறந்துட்டதா இருக்கே."

"நான்தாண்ணே போட்டேன். இங்கதானே நிக்கிறேன்" என்றாள் அக்கா.

"பார்க்கிறேன்லா, தங்கச்சி. ஆனா கம்ப்யூட்டர்ல ரெண்டுன்னு இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெர்ட்ரூடிடம் வரியை விடச் சொன்னேன். நான் மாற்றிய எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெஷின் கத்தியிருக்கும். அவள் தாளைப் பார்த்திருப்பாள். தாளில் 2 இருந்திருக்கும். என்மேல் தப்பு வந்துவிடக் கூடாதே என்று, பாவி, அக்கறையாகத் திருத்தியிருப்பாள்.

இப்போது யார் செய்தது தப்பு? அம்மா சொன்னது உண்மை. கெர்ட்ரூட் அடித்தது உண்மை. 1955இல் பிறந்த வீரம்மா செத்துப்போனது உண்மை. இத்தனை உண்மைகள் சேர்ந்து என் அக்காவைக் கொன்றுவிட்டன. எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அர்ச்சுனன் குரலைத் தணித்துக்கொண்டார். "பெத்த தாயைக் கூட்டிக்கிட்டு வாங்க. இந்தக் கார்டுல உள்ளவங்க உயிரோட இருக்காங்கன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லி, கைநாட்டு வச்சாப் போதும். நான் திருத்த எழுதி அனுப்புறேன்."

மறுநாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். பஸ்ஸில் நான் பத்து தடவை சொல்லிக் கொடுத்தேன். "கேப்பாரு. உயிரோட இருக்கான்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத." அம்மா பத்து தடவையும் தலையை ஆட்டினார். நல்ல சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

கவுண்டரில் அர்ச்சுனன் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டார். பக்கத்தில் மைப்பெட்டி.

"சொல்லுங்கம்மா. 1955, மே மாசம் தோட்டத்து ஆஸ்பத்திரில பொறந்த உங்க மவ வீரம்மா. உயிரோட இருக்காங்களா?"

அம்மா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன்.

"மே மாசம் பொறந்ததுங்களா? அது செத்துப்போச்சுங்க. எட்டு மாசக் குழந்தை. என் மடியிலதான் போச்சு."

அக்கா அவர் கையை விட்டுவிட்டாள். எனக்குக் கோபம் வர வேண்டும், அழுகைதான் வந்தது.

அர்ச்சுனன் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப இவங்க யாரும்மா?"

"இதுவும் என் மவதாங்க. இதுவும் வீரம்மாதான். அடுத்து பொறந்தது" என்றார் அம்மா, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டு பேரையும் அன்னிக்கே சொல்லிட்டேனுங்களே. எழுதிக்கிட்டாங்க. நல்லாப் பாருங்க சாமி, கீழயே இருக்கும்."

அர்ச்சுனன் நல்ல மனிதர். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, அந்த இரண்டாவது வீரம்மாவைத் தேட ஆரம்பித்தார். அந்த வரியை அடிக்காமல் விட்டது நான்.