ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா

கைப்பிடியைக் கீழே இறக்கிப் பார்க்கச் சொன்னார் கடைக்காரர். அவள் இறக்கினாள். மூடிக்குள் இருந்த வட்ட பிளேடு பல்லைக் காட்டிக்கொண்டு மெல்ல வெளியே வந்தது. இயந்திரத்துக்கு இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை. இருந்தும் அவள் மறு கையின் விரல்களை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா, கடிக்காது. இப்ப இதையும் இறக்கிப் பாருங்க."

பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அதே பிளேடு, அதே கைப்பிடி, அதே கறுப்பு வயர். இரட்டைப் பிள்ளைகளை நிறுத்திவைத்து யார் மூத்தவன் சொல் என்றால் எப்படியோ, அப்படி விழித்தாள்.

மைட்டர் ரம்பம் என்ற பெயரே அவளுக்குப் புதிது. பலகையைச் சாய்வாக, வேண்டிய கோணத்தில் வெட்டுவது என்று அப்பா சொல்லியிருந்தார். அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். கண் பரிசோதிக்க வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். எல்லோரும் டக்கென்று பதில் சொல்லிவிடுவார்கள். அதே கேள்வியை யாராவது அவளிடம் கேட்டால்தான் வம்பு. செருப்பு வாங்கப் போனாலும் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கும் வரை அவளுக்கு மனசு ஒரு முடிவுக்கு வராது. வீட்டில் அவளுக்கு 'யோசனை' என்றே பெயர். "யோசனையை உப்பு வாங்க அனுப்பினா, வர்றதுக்குள்ள குழம்பு ஊசிப்போயிரும்" என்பாள் அம்மா.

அந்த யோசனையைத்தான் அப்பா ரம்பம் வாங்க அனுப்பியிருந்தார்.

அப்பா டிவி ரிப்பேர் செய்தவர். ஆயுளில் பாதியை அடுத்தவர் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பின்னால், சுவர் மூலையைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தே கழித்தார். சில வீடுகளில் சுவரும் தரையும் சேரும் இடத்தில் கையகல மரப்பலகை ஓடும். அது மூலையில் எப்படி வந்து சேர்கிறது என்பதை வைத்தே வீட்டை எடை போடுவார். "மூலை சுத்தமா சேர்ந்திருந்தா அந்த வீட்ல சண்டை இருக்காது" என்பது அவருடைய கட்சி. அப்படிப் பலகை போட்டும் நாயும் பூனையுமாக இருந்த குடும்பங்களை அம்மா விரல் விட்டு எண்ணிக் காட்டினால், "அங்கெல்லாம் பலகை போட்டது முந்தி இருந்தவங்க" என்று தப்பித்துக்கொள்வார்.

இதயம் பாதிதான் வேலை செய்கிறது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்ட பிறகும் அந்த ஆசை போகவில்லை. எப்போதோ வாங்கிய பலகைகள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அன்று காலை தலையணையை முதுகுக்குக் கொடுத்துத் தானாகவே எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு தெளிச்சி.

"இன்னைக்கே போய் அந்த மெஷினை வாங்கிட்டு வந்துரு."

"நீங்க எழுந்ததும் சேர்ந்து போலாம்ப்பா. எனக்கு அதைப் பத்தி என்ன தெரியும்?"

"நான் எழும்போது மெஷின் வீட்ல இருக்கணும்ல? சந்தேகம் வந்தா ஃபோன் போடு. நான் எங்க போகப்போறேன்."

வேலை ஒன்று காத்திருந்தால் மனிதர் எழுந்துவிடுவார் என்று அவளும் நம்பினாள். அதனால்தான் போனாள்.

கடைக்காரர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவள் ஃபோன் போட்டாள். அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் நெஞ்சின்மேல் வைத்திருந்தாள். பலகை எவ்வளவு அகலம் என்றதற்கு, "என் உள்ளங்கை அகலம்னு சொல்லு" என்றார். அவருடைய உள்ளங்கையைக் கடைக்காரர் எங்கே கண்டார்? தன் கையை நீட்டி, இதைவிடக் கொஞ்சம் பெரிது என்று அவள் சொல்லிவைத்தாள். பிளேடில் பல் நெருக்கமாக இருக்கலாமா, இடைவெளி விட்டு இருக்கலாமா என்றதற்கு, "நெருக்கமா. அப்பதான் வெட்டு வழவழன்னு வரும்" என்றார். குரல் சற்று இறங்கியிருந்தது. பேசி அலுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதாம்மா" என்றார் கடைக்காரர். இயந்திரத்தின் கழுத்தில் இருந்த திருகைத் தளர்த்தி, பிளேடோடு சேர்த்து மேல்பாகத்தை இடப்பக்கம் சாய்த்தார். "இது ஒரு பக்கம் மட்டும் தலை சாயும். அது ரெண்டு பக்கமும் சாயும். எது வேணும்?"

அவள் மறுபடி ஃபோனை எடுத்தாள். "அப்பா, தலை ஒரு பக்கம் சாயுறது வேணுமா, ரெண்டு பக்கமும் சாயுறதா?"

பதில் இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

அம்மாவின் குரல் வந்தது. "ஏதோ கையைக் காட்டுறார்டி. தண்ணி கேக்குறார் போல. இரு, கொண்டாந்து குடுத்துட்டுப் பேசுறேன்."

அவள் காதில் ஃபோனை வைத்தபடியே நின்றாள். அம்மா வீட்டுக்குள் போடும் செருப்பு சமையலறைக்குப் போனது கேட்டது. டம்ளரில் தண்ணீர் விழுந்தது கேட்டது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. பிறகு, "என்னங்க" என்றாள் அம்மா. கொஞ்சம் விட்டு இன்னொரு "என்னங்க". மூன்றாவது முறை அதில் பாதிதான் வந்தது.

கடைக்காரர் இரண்டு இயந்திரங்களையும் ஒரு துணியால் துடைத்து முடித்தார். "என்ன சொல்றாருங்க?"

அவள் ஒன்றைக் காட்டினாள். இரண்டு பக்கமும் சாய்வதை. ஏன் அதைக் காட்டினாள், ஏன் அப்படியே போட்டுவிட்டு ஓடவில்லை, கடைக்காரர் அட்டைப்பெட்டியை நாடாவால் சுற்றி ஒட்டும் வரை ஏன் நின்றாள் என்று பிற்பாடு எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. பெட்டி கனத்தது. கடைக்காரர்தான் தூக்கி வண்டியில் வைத்தார். "அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும் பாருங்க" என்றார்.

வீட்டு வாசலில் அதற்குள் நாலு செருப்பு கூடியிருந்தது. பெட்டியை இரு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தாள். எல்லோரும் பெட்டியைத்தான் பார்த்தார்கள். கட்டிலில் அப்பாவின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. யாரோ அதை நேராக்கினார்கள். அம்மா கையில் டம்ளர் அப்படியே இருந்தது, வாய்வரை தண்ணீரோடு.

"வந்துட்டியா" என்றாள் அம்மா. "தண்ணி கேட்டார்டி. கொண்டு வர்றதுக்குள்ள..."

அவளுக்கு அழுகை வரவில்லை. பெட்டியை எங்கே இறக்கிவைப்பது என்பதுதான் அப்போது பெரிய கேள்வியாக இருந்தது. கடைசியில் கூடத்துச் சுவரோரம் வைத்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை. பெட்டிமேல் முதலில் பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்தார், பிறகு அப்பாவிடம் வேலை கற்ற ஒருவர் உட்கார்ந்து அழுதார், பிறகு மாமா. மாமா அம்மாவுக்குத் தம்பி, பருமனான மனிதர். பெட்டி முனகியது.

"ஏம்மா, இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று தனக்குக் கீழே குனிந்து கேட்டார்.

"ரம்பம் மாமா."

"ரம்பமா?" மாமா எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு ஏம்மா?" என்றார்.

அவள் பெட்டியைச் சுவரோடு இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தாள். அந்தக் கூட்டத்திலும் ஓர் அத்தை இன்னொரு அத்தையிடம் சொன்னது காதில் விழுந்தது: "பெத்தவர் போற நேரத்துல இவ கடையில நின்னு யோசிச்சிட்டு இருந்திருக்கா." சொன்னவள்மேல் கோபம் வரவில்லை. உண்மைதானே என்று இருந்தது. முதல் இயந்திரத்தையே காட்டி, இதைக் கட்டுங்க என்று சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கலாம். ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா என்று கேட்காமல் இருந்திருந்தால், அவர் கண்ணைத் திறந்திருக்கும்போதே வந்திருக்கலாம்.

எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வீட்டில் அம்மாவும் அவளும் பெட்டியும் மிஞ்சினார்கள்.

அம்மா தினமும் ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டுவந்து காலியான கட்டிலருகே, ஸ்டூல்மேல் வைக்க ஆரம்பித்தாள். மறுநாள் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் வைப்பாள். சாப்பிடும்போது திடீரென்று, "தாகத்தோட போயிட்டார்டி" என்பாள். "இத்தனை வருஷம் கூட இருந்து, ஒரு வாய்த் தண்ணி குடுக்க முடியல." சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிடுவாள். வேண்டாம்மா என்று தடுக்க அவளுக்குத் தெம்பில்லை. அவளுக்கு அவள் பாடு.

"கையை எப்படிம்மா காட்டினார்?" என்று ஒருநாள் கேட்டாள்.

அம்மா காட்டினாள். கை வாய்ப்பக்கம் போனது.

"வாய்கிட்டவா கொண்டு போனார்?"

"இல்லடி, நெஞ்சுமேலதான் இருந்துச்சு. ஃபோன் பக்கத்துல." அம்மா இன்னொரு விதமாகக் காட்டினாள். அடுத்த நாள் கேட்டபோது வேறொரு விதமாக. கேட்கக் கேட்கக் குழப்பம்தான் மிச்சம். "எனக்கு மட்டும் என்னடி தெரியும்? கையைப் பாக்குறதா, முகத்தைப் பாக்குறதா?" என்று அம்மா அழுதுவிட்டாள். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

மாமா வந்தார். நாடாவே பிரிக்கவில்லையே, கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம், நான் பேசுகிறேன் என்றார். நல்ல யோசனைதான். சரி என்று சொல்ல வாயெடுத்தவள், "பலகையெல்லாம் கட்டிலுக்கு அடியில கிடக்கே மாமா" என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கே புரியவில்லை. மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். மாமா காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவர் போனதும் அவள் கத்தரிக்கோலை எடுத்து வந்து நாடாவை வெட்டினாள்.

பின்கட்டில் பழைய மேஜைமேல் இயந்திரத்தைத் தூக்கிவைக்க அம்மாவும் ஒரு கை கொடுத்தாள். அவள் அப்பாவின் பலகை ஒன்றை எடுத்து இயந்திரத்தின்மேல் படுக்கைவாட்டில் வைத்தாள். திருகைத் தளர்த்தித் தலையை ஒரு பக்கம் சாய்த்து வெட்டினாள். இயந்திரம் போட்ட சத்தத்தில் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். மறுபக்கம் சாய்த்து இன்னொன்று வெட்டினாள். இரண்டையும் கொண்டுபோய் மூலையில் வைத்தால், ஒன்று வானத்தைப் பார்த்தது, இன்னொன்று பூமியைப் பார்த்தது. திரும்பி வந்து திருப்பிப் போட்டு வெட்டினாள். அதுவும் சேரவில்லை. எந்தப் பக்கம் சாய்ப்பது, எதைத் திருப்புவது என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தலைமுடியெல்லாம் மரத்தூள்.

"இதை ஏன்டி படுக்கப் போட்டு வெட்டுற?" என்றாள் அம்மா. "சுவத்துல அது நிக்கத்தானே போகுது? நிக்கிற மாதிரியே வெச்சு வெட்டு."

அவள் பலகையை நிமிர்த்தி, இயந்திரத்தின் பின்பக்கத் தடுப்போடு சேர்த்து நிற்கவைத்தாள். அடித்தட்டில் ஒரு பிடி இருந்தது. அதைப் பிடித்து இழுத்ததும் தட்டு இடப்பக்கம் திரும்பியது. அதோடு பிளேடும் திரும்பியது. தலை சாயாமல் நேராகவே நின்றது. வெட்டினாள். தட்டை வலப்பக்கம் திருப்பி இன்னொன்று வெட்டினாள். கொண்டுபோய் மூலையில் வைத்தாள். இரண்டும் வந்து ஒன்றையொன்று தொட்டு நின்றன. நகம் நுழைய இடமில்லை.

அவள் குந்தியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி? சரியாத்தானே வந்திருக்கு?"

"தலை சாயவே வேண்டாம்மா" என்றாள். "ஒரு பக்கமும் வேண்டாம், ரெண்டு பக்கமும் வேண்டாம். நான்தான் அதைக் கேட்டுட்டு நின்னேன். எந்த மெஷினா இருந்தாலும் போதும். தலை நேரா இப்படியே நிக்கும், அடித்தட்டுதான் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்..." உள்ளங்கையைச் செங்குத்தாக நிறுத்தி, மணிக்கட்டிலிருந்து இடமும் வலமுமாகத் திருப்பிக் காட்டினாள்.

அம்மா அந்தக் கையையே பார்த்தாள்.

"இன்னொரு தடவை காட்டு."

காட்டினாள்.

"மெதுவா."

மெதுவாகக் காட்டினாள். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இதான்டி. இப்படித்தான் காட்டினார். கை நேரா நின்னுச்சு. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை." பிறகு கேட்டாள். "அப்ப... தண்ணி கேக்கலையா?"

"இல்லம்மா. தண்ணி கேக்கல."

யோசிக்காமல் சொன்னாள்.

அம்மா கையை விட்டுவிட்டு முந்தானையால் தன் முகத்தில் படிந்திருந்த மரத்தூளைத் துடைத்தாள். சுவரைப் பிடித்து எழுந்து கட்டிலருகே போனாள். ஸ்டூல்மேல் இருந்த டம்ளரை எடுத்து, நின்றபடியே, ஒரே மூச்சில் முழுத் தண்ணீரையும் குடித்தாள்.