மூணு கோபுரம், ஒரு தொட்டி

ஐஸ் வண்டிக்காரர் கருப்பையனிடம் தராசு கிடையாது. நீல டிரம்களை ஒரே மாதிரி ஒரு சாண் உயரத்துக்கு அறுத்த தொட்டிகள்தான் அவருக்கு அளவு. விளிம்புவரை நெத்திலியைக் கொட்டினால் போதாது, அதற்கு மேலே இன்னொரு சாண் கோபுரமாகக் குவிக்கணும். காசு தொட்டிக்குத்தான், கோபுரம் சும்மா. விளிம்போடு வழித்துத் தலைதட்டி அளந்தால் கடலம்மா கோவிச்சுக்குவாளாம், மறுநாள் வலை வெறுமனே வருமாம். கடலம்மா இவர் காதில்தான் வந்து ஓதினாளாக்கும்! காரைக்கால்மேட்டு ஆம்பளைகளும் அதை நம்பித் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சந்திராவுக்குப் பொறுக்கவில்லை. நாலு நாள் வெறும் வலையோடு திரும்பிய புருஷன் பஞ்சநாதனுக்கு அன்றுதான் நெத்திலி விழுந்திருந்தது. மூன்றாவது தொட்டிக்குக் கோபுரம் குவிக்கும்போது அவளுக்கு வயிறு எரிந்தது. பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டவள்தான். ஆனாலும் ஒரே வாயகலம், ஒரே உயரம் என்றால் கூம்பு உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்பது மட்டும் எப்படியோ மண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டாள். கருப்பையன் சிரித்தார். பெயிலானவளெல்லாம் கணக்குச் சொல்ல வந்துட்டாளா, ஒரு கைப்பிடி மீனுக்கா இத்தனை அல்பத்தனம் என்று கேட்டார். பஞ்சநாதனுக்கு முகம் செத்துவிட்டது. நெத்திலி எடுக்க வருவது இந்த ஒரு வண்டிதான், இவர் போய்விட்டால் உச்சிவேளைக்குள் மொத்தமும் நாறிவிடும், வாயை மூடு என்று பல்லைக் கடித்தான். அவன் பயந்ததிலும் தப்பில்லை.

சந்திரா ஒரு காலித் தொட்டியை இழுத்துப் போட்டாள். மூன்று கோபுரத்தையும் முழங்கையால் வழித்து அதில் தள்ளினாள். தொட்டி விளிம்புவரை நிறைந்து, மட்டமாக நின்றது. தங்கள் மீனை அளக்கக் காத்திருந்த மற்றப் படகுப் பொம்பளைகள் எட்டிப் பார்த்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

கருப்பையனுக்குச் சிரிப்புப் போய்விட்டது. இனிமேல் இந்தப் படகு மீனைத் தொடமாட்டேன், இன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்குமே என்றபடி வண்டிப் பக்கம் திரும்பினார்.

பஞ்சநாதன் அவர் பின்னாலேயே ஓடப் போனான். சந்திரா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க ஓடுறீங்க? இத்தனை நாளும் மூணு தொட்டிக்குக் காசு வாங்கிக்கிட்டு நாலு தொட்டி கொடுத்திருக்கோம். நாலு நாள் நீங்க கடலுக்குப் போனா, அதுல ஒரு நாள் இவருக்குச் சும்மா போயிருக்கீங்க."

பஞ்சநாதன் அந்த நாலாவது தொட்டியைப் பார்த்தான். புயல் கூண்டு ஏற்றியபோதுகூட வயிற்றுப்பாட்டுக்காகப் படகைத் தள்ளியவன் அவன். கண் சிவந்துவிட்டது. படகிலிருந்து ஒரு பலகையை உருவி வந்து, மிச்ச மீனையும் தொட்டிகளில் கொட்டி, ஒவ்வொன்றாகத் தலைதட்டினான்.

"அண்ணே, இதுதான் அளவு. எடுத்தா எடுங்க, இல்லாட்டி வெயில் கிடக்கு, மணல் கிடக்கு. கருவாடாப் போட்டுக்குறோம்."

கருப்பையன் காலியாகக் கிடந்த ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த படகுக்கு நடந்தார். அது, சற்றுமுன் எட்டிப் பார்த்தவர்களில் ஒருத்தியான அஞ்சுகத்தின் படகு. அவள் தன் மீனை முன்னமே தலைதட்டி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.