அடிக்காத மருந்து

மக்காச்சோளக் குருத்தைப் பிரித்தால் உள்ளே படைப்புழு சுகமாகச் சுருண்டு கிடந்தது. அதுவும் இரண்டு முறை மருந்தடித்த வயலில்! அண்ணனுக்கு வயிறு எரிந்தது. புழு எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாதா? வரப்புக்கு அந்தப் பக்கம், தம்பி வயலிலிருந்துதான்.

தம்பி ஒருமுறைகூட மருந்தடிக்கவில்லை. மானியத்தில் வாங்கிய டப்பாக்கள் அவன் கொட்டகையில் மூடி திறக்காமல் இருந்ததை அண்ணன் கண்ணாலேயே பார்த்திருந்தார்.

"ஏன்டா அடிக்கல?"

"நிலம் காயலண்ணே. கால் வச்சா உள்ள இழுக்குது."

மழை நின்று எவ்வளவு நாளாயிற்று! தம்பி நிலம் கொஞ்சம் பள்ளம்தான், அதற்காக? வரப்பிலிருந்து பார்த்தாலே மண் வெடித்துக் கிடப்பது தெரிகிறதே. கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியுமாம்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. பாதிக்கு மேல் பயிர் அழிந்தால் நிவாரணம் என்று அறிவித்திருந்தார்கள். காப்பாற்றுகிறவனுக்கு மருந்துச் செலவு, அழிய விடுகிறவனுக்குப் பணம். எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ! அதற்காகத்தான் தம்பி புழு வளர்க்கிறான், அண்ணன் வயலையும் சேர்த்துத் தின்னக் கொடுக்கிறான். வேளாண்மை ஆபீசுக்குப் போன் போட்டு, தன் பெயரைச் சொல்லாமல், எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

அதிகாரி வந்தார், கொட்டகையில் டப்பாக்களைப் பார்த்தார். வயலில் இறங்க அவருடைய பளபளக்கும் ஷூ விடவில்லை.

"நடுவுல இருந்து ஒரு செடி பிடுங்கிட்டு வாங்க."

தம்பியின் பொய் வெளுக்கட்டும் என்று அண்ணனே முந்திக்கொண்டு இறங்கினார். பத்தடி போவதற்குள், மேலே காய்ந்திருந்த மண் உடைந்து கால் முழங்கால்வரை புதைந்துவிட்டது. அடியில் வெறும் சேறு. மற்றக் காலை ஊன்றினால் அதுவும் போனது. தம்பிதான் பலகையைப் போட்டு, இழுத்து வரப்பில் ஏற்றினான்.

"பாத்தீங்களா சார்? மருந்து டேங்கை முதுகுல சுமந்துக்கிட்டு இதுல எப்படி நடக்கிறது?" என்று அண்ணனே கேட்டார்.

"மருந்து இருந்தும் வேணும்னே அடிக்கலன்னு புகார் வந்திருக்குங்க. டப்பாவும் அப்படியே இருக்கு. நிவாரணம் கிடையாது."

ஜீப் போய்விட்டது. தம்பிக்கு இந்த வருஷம் விளைச்சலும் இல்லை, நிவாரணமும் இல்லை. அவன் வாய்க்கால் தண்ணீரை அள்ளி அண்ணன் காலைக் கழுவிவிட்டான்.

"யாருண்ணே போட்டுக் குடுத்திருப்பாங்க? மருந்துக் கடைக்காரனா இருக்குமோ? அவன்கிட்ட வாங்கலன்னு கோவமா இருந்தான்."

அண்ணன் குனிந்து வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினார்.

"அவனாத்தான் இருக்கும்" என்றார்.