பெயர் சொல்லாத மன்றாட்டு

கத்தரினா யாருடைய பெயரையும் கெடுப்பவள் அல்ல. பங்கின் செபக் குழுவை வாட்ஸ்அப்பில் நடத்துகிறவள் அவள்தான். நூற்று நாற்பது பேர் இருக்கும் அந்தக் குழுவில் ஒருநாளும் யாருடைய பெயரையும் போட்டதில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை. ஆளைக் கவிழ்க்க அந்தப் பெருமை போதாதா?

வெள்ளிக்கிழமை, படகுகள் வைத்திருக்கும் சம்மாட்டி அருளப்புவின் மகள், ஆசிரியை வேலைக்குப் படிக்கும் தர்சிகா, வந்து அவள் மடியில் விழுந்து அழுதாள். முகநூலில் பழகிக் கலியாணம் கட்டுவேன் என்றவன், இப்போது அவளுடைய படங்களை வெளியே விடப்போவதாக மிரட்டுகிறானாம்.

"அன்ரி, உங்களுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் சொல்லுறன். எனக்காகச் செபியுங்கோ."

கதவைச் சாத்திக்கொண்டு செபி என்றார் ஆண்டவர். கத்தரினா போனைத் திறந்துகொண்டு செபித்தாள். "ஐஸ் வாடிக்குப் பின்வீட்டில ரீச்சருக்குப் படிக்கிற பிள்ளை ஒண்டு, படத்தால ஆபத்தில இருக்கு. மன்றாடுங்கோ." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். மீனுக்கு ஐஸ் போடும் அந்த வாடிக்குப் பின்னால் இருப்பதே ஒரு வீடு, அருளப்புவின் வீடு.

இருட்டுமுன் அறுபது ஆமென். விடிந்தபோது கற்பிட்டிச் சந்தையிலும் அதே கதை. அருளப்பு கடலுக்குப் போகவில்லை. தர்சிகா சாப்பிடவில்லை. மிரட்டியவன் படத்தை விடவேயில்லை. அந்தப் பாவியின் வேலையை ஊரே செய்து முடித்திருந்தது.

ஞாயிறு பூசைக்கு முன் கத்தரினா அழுது பாவசங்கீர்த்தனம் செய்தாள்.

"தனியப் போய் அந்தப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேளுங்கோ," என்றார் பாதர். "வேற ஒண்டும் செய்ய வேண்டாம்."

அவளுக்கு மனம் பொறுக்குமா? போகிற வழியில் குழுவில் இன்னொன்று போட்டாள்: "அந்தப் பிள்ளையைப் பற்றி இனி ஒருத்தரும் கதையாதேங்கோ. அவவுக்காகச் செபிப்பம்."

அருளப்பு வாசலில் நின்றார். "போனை வெளியில வச்சிட்டு உள்ள போங்கோ."

கவிழ்த்திருந்த மீன்பெட்டியின் மேல் அதை வைத்துவிட்டுப் போனாள்.

தர்சிகா சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். இரண்டு நாளில் பாதியாகிவிட்டிருந்தாள். கத்தரினா முழந்தாளிட்டாள்.

"என்னை மன்னிச்சிடு பிள்ளை."

வெளியே போன் அதிர்ந்து பெட்டிப் பலகை தடதடத்தது. உடனே இன்னொரு முறை. ஒவ்வொரு தடவையும் அந்த முதுகு ஒடுங்கியதைக் கத்தரினா கண்டாள்.

"அன்ரி," என்றாள் தர்சிகா, திரும்பாமலே. "அது எனக்கான செபமோ?"

"ஓம் பிள்ளை."

"நிப்பாட்டச் சொல்லுங்கோ."

நிப்பாட்டத்தான் கத்தரினா வரும் வழியில் குழுவில் சொல்லியிருந்தாள். அதற்குத்தான் ஆமென் வந்துகொண்டிருந்தது.